லயன் எயார் 602 நினைவுக் கூட்டத்துக்குத் தோள் கொடுத்த எல்லாருக்கும்

அன்பான ஊரவர்களுக்கும் வெளிநாட்டில் இருந்து உதவிய உறவுகளுக்கும் வணக்கம்.

செப்ரெம்பர் 29 ஆம் திகதி லயன் எயார் 602 விமானத்தில் இறந்தவர்களுக்காக எங்கள் சனசமூக நிலையத்தில் மாலையில் வைத்த நினைவுக் கூட்டம் நல்லபடி நடந்து முடிந்தது. நன்றியுரையை அன்றைக்கே மைக்கில் சொல்வதாகத்தான் இருந்தது, ஆனால் கடைசியில் இறந்தவர்களின் உறவினர்கள் ஒவ்வொருவராக எழும்பிக் கதைக்கத் தொடங்கியபோது அவர்களுக்குக் குறுக்கே போய் நிற்க மனம் வரவில்லை, அதனால்தான் இந்த மடல்.

வர முடியாமல் போனவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1998 செப்ரெம்பர் 29 அன்று யாழ்ப்பாணத்துப் பலாலியில் இருந்து கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைக்குப் புறப்பட்ட, இலங்கையின் லயன் எயார் நிறுவனத்தின் 602 விமானம் கொஞ்ச நேரத்துக்குள்ளேயே ராடரில் இருந்து மறைந்தது. பெலாரசில் இருந்து குத்தகைக்கு வந்த அன்ரனோவ் 24 விமானம் அது. உள்ளே 48 பயணிகள், 7 பணியாளர்கள். பயணிகள் எங்கள் சனம். ஒருவரும் தப்பவில்லை. விடுதலைப் புலிகள் தோளில் வைத்து ஏவும் ஏவுகணையால் அதை வீழ்த்தினார்கள் என்றுதான் பின்னர் நடந்த விசாரணைகளில் சொல்லப்பட்டது. கைதான ஒருவர் கொடுத்த தகவலை வைத்து 2012 இல் தான் இரணைதீவுக்குப் பக்கத்தில், கடலுக்கு அடியில் சிதைவுகளைக் கண்டுபிடித்தார்கள். அதுவரைக்கும் அந்த வீடுகளில் திவசம் கொடுப்பதா, காத்திருப்பதா என்று தெரியாமல் இருந்திருக்கிறார்கள்.

முதல் நன்றி அந்தக் குடும்பங்களுக்கு. பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த படங்களையும் கடிதங்களையும் எங்களை நம்பித் தந்தீர்கள். 2014 தை மாதத்தில், கடலில் இருந்து எடுத்த உடுப்புகளை யாழ்ப்பாணத்தில் உறவினர்களுக்குக் காட்சிக்கு வைத்தார்களே, அன்றைக்குப் போன ஒரு அம்மா அதை எங்களுக்குச் சொன்னார். நிறம் எல்லாம் போய்விட்டது, துணியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை, அதனால் ஒவ்வொரு சட்டையாகப் புரட்டி உள்பக்கத் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனாராம், ஏனென்றால் தன் மகளின் சட்டைகளுக்குக் கைக்குழியை அவர்தான் கையால் தைத்துக் கொடுப்பவர். அங்கே அந்தத் தையல் இருக்கவில்லை. மண்டபம் முழுக்க சனம் இருந்தும் அவர் குரல் இறங்கவே இல்லை. அம்மா, நீங்கள் அன்றைக்குக் கதைத்தது எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகமும் சொல்லிக் கொடுக்காத விஷயம்.

அடுத்தது, முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஐயாவுக்கு. ஒரு பொடியன் எழும்பி, அவ்வளவு ஆபத்து என்றால் ஏன் பிளேனில் போனார்கள், பஸ்ஸில் போயிருக்கலாமே என்று கேட்டான். யுத்தம் முடிந்த பிறகு பிறந்த பிள்ளை, நியாயமான கேள்வி. ஐயா கோபப்படாமல், வடிவாக விளங்கப்படுத்தினார். 1995 கடைசிக்கும் 1996 நடுப்பகுதிக்கும் இடையில் யாழ் குடாநாடு இராணுவத்தின் கைக்குப் போனது, அதற்குத் தெற்கே உள்ள வன்னி புலிகளிடம் இருந்தது, வன்னிக்குள்ளால் போகும் ஏ9 வீதியைப் பிடிக்க இராணுவம் 1997 மே மாதம் தொடங்கிய ஜயசிக்குறு சண்டை நடந்துகொண்டிருந்தது, 2002 வரைக்கும் அந்த வீதி சனத்துக்குத் திறக்கவில்லை. கொழும்புக்குப் போக வேண்டும் என்றால் காங்கேசன்துறையில் இருந்து திருகோணமலைக்குக் கப்பல், இல்லாவிட்டால் பலாலியில் இருந்து பிளேன். இரண்டுக்கும் இராணுவத்தின் அனுமதி எடுக்க வேண்டும். விசா வேலை, ஆஸ்பத்திரி, வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளையைப் பார்க்கப் போவது, கலியாணம், இப்படியான சாதாரண தேவைகள்தான். "துணிஞ்சு போகேல்லை தம்பி, வேற வழியில்லாமல் போனது" என்று ஐயா சொன்னபோது பின்வரிசையில் நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

கனடாவில் இருந்து காணொளியில் வந்த தம்பிக்கும் பெரிய நன்றி. அங்கே விடியற்காலை, இருந்தும் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் போனார். தோளில் வைத்து ஏவும் ஏவுகணை இயந்திரத்தின் சூட்டைத் தேடிப் போவது, அது எட்டும் உயரம் சில கிலோமீற்றர்கள் மட்டும், ஆகவே மேலே ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விமானம் அதன் கைக்குள் இருக்கிறது என்பதை அவர் ஒரு கோடு கீறியே காட்டிவிட்டார். பலாலி போன்ற இடத்தில், சுற்றிவரச் சண்டை நடக்கும்போது, ஏறி முடிக்கும்வரை பயணிகளுக்குப் பாதுகாப்பு என்று ஒன்றும் இல்லை.

உலகத்தில் பயணிகள் விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்ட மற்றச் சம்பவங்களைத் தேடி மட்டைகளில் எழுதி ஒட்டிய உயர்தர வகுப்புப் பிள்ளைகளே, உங்கள் வேலையைப் பார்த்துத்தான் பலபேர் நின்று நின்று வாசித்தார்கள். 1978 இல் ரொடீசியாவில் (இன்றைய சிம்பாப்வே) கரிபாவில் இருந்து எழும்பிய வைக்கவுண்ட் விமானம், 1986 இல் தென் சூடானின் மலகாலில் 60 பேருடன் விழுந்த ஃபொக்கர் விமானம், 1988 இல் அமெரிக்கப் போர்க்கப்பல் சுட்ட ஈரான் எயார் 655 இல் 290 பேர், 2014 இல் உக்ரைன் வானில் மலேசிய விமானம் எம்எச்17 இல் 298 பேர். எம்எச்17 பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்கு நித்திரையைக் கெடுத்தது: கிழக்கு உக்ரைனில் வான்பரப்பை 32,000 அடிவரைக்கும்தான் மூடியிருந்தார்கள், அந்த விமானம் 33,000 அடியில் போனது, அதே நாளில் இன்னும் பல விமானங்கள் அதே வானத்தால் போயிருக்கின்றன. பணம் உள்ள நாடுகளின் விமானங்களுக்கே இந்த நிலை என்றால், எங்கள் சனம் ஏறிய சின்னப் பிளேனுக்கு யார் பொறுப்பு எடுத்தார்கள்?

இன்னொன்றையும் அந்தப் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள். பறக்கும் பயணிகள் விமானம் மீது எந்த நாடும் ஆயுதம் பாவிக்கக் கூடாது என்று சர்வதேச விமானப் பயணத்துக்கான சிக்காகோ உடன்படிக்கையில் ஒரு பிரிவு இருக்கிறது, 1983 இல் கொரிய விமானத்தைச் சோவியத் ஒன்றியம் வீழ்த்தி 269 பேர் இறந்ததற்குப் பிறகு எழுதியது. அது நடைமுறைக்கு வந்தது 1998 ஒக்ரோபர் 1. எங்கள் பிளேன் விழுந்து இரண்டாம் நாள். அது அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், ஆயுத இயக்கங்களை அல்ல என்று சட்டம் படித்த ஒரு அக்கா விளங்கப்படுத்தினார். சரிதான். ஆனாலும் அந்தத் திகதியை வாசித்தவுடன் நெஞ்சு ஒருமாதிரி ஆகிவிட்டது.

1995 சித்திரை 28, 29 ஆம் திகதிகளில் பலாலிக்குப் பக்கத்தில் அடுத்தடுத்து வீழ்ந்த, இலங்கை விமானப்படையின் இரண்டு அவ்ரோ விமானங்களைப் பற்றிய மட்டையை வைக்கலாமா என்று கூட்டத்தில் வாக்குவாதம் வந்தது, தெரியும். அது இராணுவ விமானம், இது வேறு என்றார்கள் சிலர். வேறுதான், அதை எழுதியும் வைத்தோம். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கும் வீடு வாசல் இருந்தது, பார்த்துக்கொண்டிருந்த தாய்மார் இருந்தார்கள், ஆகவே அது சுவரில் இருக்கட்டும் என்று உறுதியாக நின்ற மாதர் சங்கத் தலைவி அக்காவுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். உறவினர்களில் ஒருவர்கூட அதை எடுக்கச் சொல்லவில்லை.

முழங்காவிலில் இருந்து வந்த இரணைதீவு ஆட்களுக்கு எப்படி நன்றி சொல்வது? நீங்களே 1992 இல் இடம்பெயர்ந்து, 2018 இல் படகுகளில் போய் இறங்கித்தான் சொந்தத் தீவில் கால் வைத்தவர்கள். தொழில் நாளை விட்டுவிட்டு வந்து, அந்தப் பக்கத்துக் கடலின் ஆழத்தையும் சேற்றையும் நீரோட்டத்தையும் சொல்லித் தந்தீர்கள். அடுத்த வருடம் குடும்பங்களைப் படகில் கூட்டிக்கொண்டு போய்ப் பூப்போட விடுகிறோம், எண்ணெய்க் காசுகூட வேண்டாம் என்றீர்கள். அதைக் கேட்ட பிறகு ஒரு வயதான அண்ணை வெளியில் போய் நின்று அழுதார்.

அப்புறம், கதிரை தந்த கோயில் சபைக்கும், கரண்ட் போனவுடன் தன் ஜெனரேற்றரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஒலிபெருக்கித் தம்பிக்கும், பழைய பத்திரிகைகளைத் தேடி எடுத்துத் தந்த நூலக உத்தியோகத்தர்களுக்கும், பிளேன்ரீயும் வடையும் போட்ட சமையல்கட்டு அக்காமாருக்கும் நன்றி. செலவுக் கணக்கு நிலையப் பலகையில் ஒட்டியிருக்கிறது, மிச்சக் காசு படகுப் பயணத்துக்கு.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இறந்தவர்களின் பெயர்ப் பலகையை இன்னும் எழுதவில்லை. எங்களிடம் உள்ள பட்டியல்களில் முதலெழுத்துகளும் ஊரும் ஒன்றுக்கொன்று மாறிக் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் இருந்து யாராவது அந்தப் பிளேனில் போயிருந்தால், அடையாள அட்டைப் பிரதியோ பழைய கடிதமோ எதுவாக இருந்தாலும் கொண்டு வாருங்கள், பின்னேரம் 4 மணிக்குப் பிறகு நிலையம் திறந்திருக்கும், பெயரை நீங்கள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதக் கொடுப்போம்.