பிளஸ் ஒன் இயற்பியல் கைவிடப்படலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் ஒன் பொதுத்தேர்வை நீக்கும் தமிழக அரசின் முடிவு குறித்த தலையங்கம் கண்டேன். மாணவர்களின் சுமை குறைவது நல்லதே. ஆனால், பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை ஒப்புக்கு நடத்திவிட்டு பிளஸ் டூ பாடத்துக்குத் தாவிய பள்ளிகளுக்குக் கடிவாளமிடவே 2017-18இல் அத்தேர்வு கொண்டுவரப்பட்டது. இயற்பியலில் அந்தத் தாவலுக்கு முதல் பலி இயக்கவியல்தான். நியூட்டன் விதிகள், வேலை, ஆற்றல், சுழற்சி இயக்கம் எல்லாம் பதினொன்றாம் வகுப்போடு முடிந்துவிடுகின்றன.

தேர்வு இருந்தபோதும் அடிப்படை வலுவாக இருந்ததாகச் சொல்வதற்கில்லை. மேலே எறிந்த பந்து கையை விட்டு நீங்கியபின் அதன்மீது செயல்படும் விசைகளை வரையச் சொன்னால், என் வகுப்பில் பெரும்பாலோர் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடுவார்கள். கேட்டால் 'கை கொடுத்த விசை' என்பார்கள். காற்றின் தடையை விட்டுவிட்டால், அப்போது பந்தின்மீது இருப்பது கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை மட்டுமே. உச்சியிலும் அந்த ஈர்ப்பு நீங்காதிருக்க, அங்கே முடுக்கம் (திசைவேகம் மாறும் வீதம்) சுழி என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. அதே பந்து எட்டும் உயரத்தைச் சூத்திரத்தில் இட்டுப் பிழையின்றிக் கணக்கிடுபவர்களும் இவர்களே! நகரும் பொருளை ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற எண்ணம், உராய்வு நிறைந்த அன்றாட அனுபவத்திலிருந்து வருவது. விசை ஏதுமில்லாவிட்டால் நகரும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும் என்ற நியூட்டனின் முதல் விதியை மனப்பாடம் செய்வதால் அந்த எண்ணம் போகாது. இனிப் பள்ளி அளவில் நடக்கும் தேர்வுகளிலாவது, எண்களே இல்லாமல் விசைப்படம் வரைந்து காரணம் எழுதும் வினாக்களைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டு சுருள்வில் தராசுகளை ஒன்றோடொன்று கொக்கி மாட்டி இழுத்தால் எதில் எவ்வளவு காட்டும் என்று முன்கூட்டியே எழுதவைத்துப் பிறகு செய்து பார்க்கும் சோதனைகளுக்கும் செய்முறையில் மதிப்பெண் ஒதுக்கலாம்.

- ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், திருச்சி