மாட்டை மாட்டால் பெருக்கினால்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்

அன்புள்ள புலவருக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கிணற்று மோட்டார் பழுதாகி, அதை மேலே தூக்கி, காயில் சுற்ற ஆள் தேடி, திரும்ப இறக்குவதற்குள் நாள் ஓடிவிட்டது. கணவாய்க் காற்று இந்த வருஷம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது. மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்தால் வாயெல்லாம் மண். கோவையில் மாடி வீட்டில் இருக்கும் உங்களுக்கு இதெல்லாம் மறந்திருக்கும்.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பு வரை நூற்றுக்கு நூறு வாங்கியவன், இயற்கணிதம் வந்ததும் "எழுத்தை எப்படித் தாத்தா கூட்டறது?" என்று கேட்கிறான் என எழுதியிருந்தீர்கள். ஆயுள் முழுக்கச் சந்தி சேர்த்தவரிடம் போய்க் கேட்டிருக்கிறான்! படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு முப்பது வருஷம் தப்பாகவே பதில் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான்.

என் பாடம் உங்களுக்கும் கேட்டிருக்கும், பக்கத்து வகுப்புதானே. "இரண்டு எக்ஸும் மூன்று எக்ஸும் எவ்வளவு? தெரியலையா? சரி, எக்ஸ்னா மாடுன்னு வெச்சுக்கோ. ரெண்டு மாடும் மூணு மாடும்?" "அஞ்சு மாடு சார்!" என்று கூரை அதிரும். பாடம் புரிந்துவிட்டது என்று நானும் மீசையைத் தடவிக்கொள்வேன். ஒருநாள் எக்ஸை எக்ஸால் பெருக்கும் பாடம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மாட்டை மாட்டால பெருக்கினா என்ன சார் வரும்?" என்றாள். "கன்னுக்குட்டி வரும், உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த வகுப்பில் அன்று ஒழுங்காக யோசித்தது அவள் ஒருத்திதான் என்பது பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எக்ஸ் மாடு இல்லை. தொழுவத்தில் எத்தனை மாடு என்கிற எண், அல்லது ஒரு மாடு என்ன விலை என்கிற எண். எண்ணை எண்ணால் பெருக்கலாம். மாட்டை என்ன செய்ய?

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஜான் கிளெமெண்டும் இன்னும் இருவரும் 1981இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. பொறியியல் முதலாண்டுப் பிள்ளைகளிடம், "இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைவிட மாணவர்கள் ஆறு மடங்கு. மாணவர் எண்ணிக்கை எஸ், பேராசிரியர் எண்ணிக்கை பி. சமன்பாடு எழுது" என்றார்கள். 37 சதவீதம் பேர் தப்பு. எஸ் சமம் ஆறு பி என்று எழுத வேண்டியதை, அவர்களில் பெரும்பாலானவர்கள் ஆறு எஸ் சமம் பி என்று எழுதியிருந்தார்கள். எஸ் என்றால் மாணவன், பி என்றால் பேராசிரியர், ஆறு பேருக்கு ஒருவர். அவர்களும் என் மாட்டைத்தான் மேய்த்திருக்கிறார்கள்.

"வயது வந்தால் தானாக வரும்" என்று தலைமையாசிரியர் ஒருவர் சொல்வாரே, நினைவிருக்கிறதா? கண்ணுக்கு முன்னால் இல்லாததை வைத்து யோசிக்கும் திறன் பதினொன்று, பன்னிரண்டு வயதில் வரத் தொடங்குகிறது என்று ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே சொன்னது உண்மைதான். ஆனால் 1972இல் அவரே கொஞ்சம் இறங்கிவந்தார்: சிலருக்கு இருபது வயது வரை ஆகலாம், அதுவும் அவரவர் பழகிய துறையில்தான் வெளிப்படும் என்று. ஆக, வயது கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே கூட்டிப்போக ஆள் வேண்டும்.

எங்கள் கடைத்தெருவில் ஒரு பையன் பள்ளி விட்டதும் அப்பாவின் காய்கறிக் கடையில் நிற்கிறான். கிலோ அறுபது ரூபாய் வெண்டைக்காய், 350 கிராம் கேட்டேன். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "கால் கிலோ பதினஞ்சு, நூறு கிராம் ஆறு, இருபத்தொண்ணு குடுங்க" என்றான். அதே கணக்கைத் துண்டுச் சீட்டில் 60 × 0.35 என்று எழுதி நீட்டினேன். பேனாவைக் கடித்துக் கடித்து 2100 என்று எழுதினான். வெண்டைக்காய்க்கு இரண்டாயிரத்து நூறு! புள்ளி எங்கே போனது என்று அவனுக்குக் கவலையே இல்லை, ஏனென்றால் அது வெண்டைக்காய் என்றே அவனுக்குத் தெரியாது.

2025இல் நேச்சர் அறிவியல் இதழில் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் இதையே பெரிய அளவில் காட்டியிருக்கிறார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகள். சந்தைக் கணக்கில் புலிகள், அதைவிட எளிய பள்ளிக் கணக்கில் தடுமாற்றம். பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும், வியாபாரம் அறியாத 471 பிள்ளைகளிடம் நேர்மாறு. என்னை உலுக்கியது இரண்டாவது பாதிதான். சந்தைப் பையனுக்குப் பள்ளிக் கணக்கு வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நாம், பள்ளிப் பையனுக்குச் சந்தை வராததைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இப்போது உங்கள் பேட்டைக்கு வருகிறேன். மணிமேகலையின் 29ஆம் காதையை எனக்கு ஸ்டாஃப் ரூமில் விளக்கியவர் நீங்கள். இந்த மலையில் நெருப்பு உண்டு, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையைப் போல. பக்கம் (சொல்ல வந்தது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்று ஐந்து உறுப்பு. அரிஸ்டாட்டிலின் மூன்று வரி அனுமானத்தில் எடுத்துக்காட்டு ஓர் உறுப்பே கிடையாது. நம்மவர்களோ அடுக்களையைக் கொண்டுவந்து வாதத்துக்கு உள்ளேயே உட்கார வைத்தார்கள். அதே காதையில் திட்டாந்தப் போலி என்று ஒன்றும் வருமே, எடுத்துக்காட்டு போலத் தோன்றி ஏமாற்றுவது? என் மாடு அந்த ஜாதி. எடுத்துக்காட்டு சொன்னதில் குற்றமில்லை. தப்பான எடுத்துக்காட்டு.

எதிர்வீட்டுப் பெண் ஏழாவது படிக்கிறாள், சாயங்காலம் நோட்டோடு வருவாள். போன மாதம் ஒரு தீப்பெட்டியை மூடி அவள் முன்னால் வைத்தேன். அதற்கு முன் பழைய விளையாட்டு: "ஒரு எண் நினைச்சுக்கோ. ரெட்டிப்பாக்கு. பத்துக் கூட்டு. பாதியாக்கு. நினைச்சதைக் கழி." அஞ்சு. ஏழை வைத்துப் பார்த்தாள், நூறை வைத்துப் பார்த்தாள், அஞ்சுதான். "எப்படித் தாத்தா?" நினைத்த எண் இந்தப் பெட்டிக்குள் இருக்கும் குச்சி என்றேன். இரண்டு பெட்டி வைத்தாள், பக்கத்தில் பத்துக் குச்சி. பாதியாக்கினாள்: ஒரு பெட்டி, ஐந்து குச்சி. பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். கொஞ்ச நேரம் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள எத்தனை இருந்தா என்ன? திறக்கவே வேண்டாம்!" என்றாள். புலவரே, முப்பது வருஷத்தில் நான் சொல்லிக்கொடுக்காத பாடம் அந்த "திறக்கவே வேண்டாம்".

பெட்டிக்கு 'பெ' என்று பெயர் வைத்து நோட்டில் எழுதினோம். மறுநாள் 'பெ'யை அடித்துவிட்டு எக்ஸ் என்று எழுதினேன், விடை மாறுமா என்று கேட்டேன். ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி தம் நூலில் சொல்வார்: பசுவை 'மை' என்றும் மையைப் 'பசு' என்றும் அழைக்கலாமா என்றால், சிறு பிள்ளைகள் முடியாது என்பார்களாம், மை எழுதுவதற்கு, பசு பால் தருவதற்கு. பெயர் பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வயது அது. ஆனால் இவள் எல்லைக்காரி, தண்ணீரை மலையாளத்தில் 'வெள்ளம்' என்றும் சொல்லிப் பழகியவள். பொள்ளாச்சியிலிருந்து வந்த மாமாவிடம் "வெள்ளம் வேணுமா?" என்று கேட்டு, அவர் பயந்துபோய் வாசலை எட்டிப் பார்த்த கதை அவள் வீட்டில் பிரசித்தம். "வெள்ளம்னாலும் தண்ணின்னாலும் தாகம் ஒண்ணுதானே தாத்தா" என்றாள். இத்தனை வருஷமும் அந்தப் பிள்ளைகள் இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மாடு மேய்த்துக்கொண்டிருந்தேன்.

பேரனுக்கு முதலில் தீப்பெட்டி. புத்தகம் பத்து நாள் கழித்துப் போதும். குச்சியை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கும்ப மாதத்தில் (நம் மாசி) பக்கத்துச் சித்தூரில் கொங்கன் படை வருகிறது, கொங்கு நாட்டுப் படையை இந்த ஊர்க்காரர்கள் வென்றதாகக் கொண்டாடும் திருவிழா. அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாம் இரண்டு பேரும் தோற்ற கட்சிதான் என்றாலும், வேடிக்கை பார்க்க யாரும் தடுக்கப்போவதில்லை. வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு போன் போடுங்கள், இளநீர் இறக்க ஆள் சொல்லவேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்