மூன்று படிகள் பற்றி நம் கோயில் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பெரியம்மாவை அழைத்து வந்தேன். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நாற்பது வருடத்துக்கு மேல் அம்மனுக்குப் பூத்தொடுத்தவர், அன்னதானத்துக்குக் காய் நறுக்கியவர். முட்டி தேய்ந்து இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். வாசலில் மூன்று படி. இரண்டு பையன்கள் தூக்கிவிட ஓடி வந்தார்கள், நல்ல பிள்ளைகள்தான். பெரியம்மா மறுத்துவிட்டார். "மூட்டை மாதிரி தூக்கிக்கிட்டுப் போயா அம்மாளைப் பார்க்கணும்?" என்றார். செருப்பு வைக்கும் இடத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போடலாமே என்று கேட்டபோது இரண்டு பதில் வந்தது. இடமில்லை என்பது முதல் பதில். சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவான கணக்கு. நம் மூன்று படியும் சேர்ந்து ஒன்றரை அடி, அப்படியென்றால் பதினெட்டு அடி போதும். செருப்பு அலமாரியைப் பின்னால் தள்ளினால் அந்தப் பக்கம் அவ்வளவு இடம் இருக்கிறது. தெருவில் உருண்ட சக்கரத்தை உள்ளே விடலாமா என்பது இரண்டாவது. நியாயமான தயக்கம், நான் சிரிக்கவில்லை. கோயிலுக்கென்றே இரண்டு நாற்காலி வாங்கி, உள்ளே மட்டும் பயன்படுத்தினால் முடிந்தது. மாற்றுத் திறனாளிகளுக்கான சட்டம் நம் மலேசியாவில் 2008-லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் பேசவா கோயிலுக்கு வருகிறோம்?

பூச்சோங் சாலையில் இருக்கும் சுத்த சமாஜம் உங்களுக்குத் தெரிந்த இடம்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், 1949-இல், சுவாமி சத்தியானந்தா தொடங்கியது. ஆதரவற்ற பிள்ளைகளை இனம், சமயம் பார்க்காமல் சேர்த்துக்கொண்டார்கள். 1961-இல் சுவாமி சாலை விபத்தில் போன பிறகு அன்னை மங்களம் பொறுப்பேற்று, 2023-இல் தமது 97-ஆவது வயதில் மறையும் வரை அந்த வேலையிலேயே இருந்தார். அங்கே எல்லாச் சமயத்தாருக்குமான ஆலயமும் உண்டு. தியானமும் தொண்டும் அவர்களுக்கு வேறு வேறு வேலையாக இருக்கவில்லை. நம் கோயிலைச் சமாஜமாக மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. நமக்கு நம் வழிபாடு இருக்கிறது. அப்பர் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் போனது புல் செதுக்கத்தானே? நமக்குச் செதுக்க மூன்று படி இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. பெரியம்மாவைக் கேட்டால், கோயிலில் அவருக்குப் பிடித்த நேரம் திருவிழா இல்லை. இரவு பூசை முடிந்து கூட்டம் போனதும், மறுநாள் மாலைக்கு நார் கிழித்துக்கொண்டு யாரும் பேசாமல் உட்கார்ந்திருந்த அரை மணி நேரம்தான். அப்போதுதான் தன் மனசில் கிடந்ததெல்லாம் தனக்கே தெரிய வந்தது என்பார். இப்போது அந்த நேரத்திலும் ஒலிபெருக்கி ஓடுகிறது. புதிதாக வாங்கியது, சத்தம் நன்றாகத்தான் வருகிறது, அதுதான் சிக்கல்! எங்கள் மாடியில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் இருக்கிறான். மணியும் மேளமும் மைக்கில் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். அவன் அம்மா கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டார். வாரத்தில் ஒரு நாள், செவ்வாயோ புதனோ, ஒரு மணி நேரம் மைக் இல்லாமல் விடுங்கள். செலவு ஒரு காசு கிடையாது. சொல்லப்போனால் மின்கட்டணம் மிச்சம்.

சாய்தளத்துக்கு உபயம் பிடித்துத் தருகிறேன், பெயர்ப் பலகை வேண்டாம். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அளவு நாடாவோடு வாசலில் இருப்பேன். உங்களில் யாராவது ஒருவர் வந்து அலமாரியை நகர்த்தக் கை கொடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை தவறாமல் வரும் ஒருவன்
கோலாலம்பூர்