பெட்டிச் செய்தியை நீக்க வேண்டாம், குறியிட்டால் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நான் பார்வையற்றவன். சென்ற இதழின் மேட்டூர் அணைக் கட்டுரையை உங்கள் மின்னிதழில், திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளான என்விடிஏ திரைவாசிப்பான் வழியே கேட்டேன். நீங்கள் யூனிகோடுக்கு மாறியதே எங்களுக்குப் பெரிய உதவி. பழைய எழுத்துருவில் வந்த காலத்தில் ஒரு வரிகூடத் தேறாது. எழுத்துச் சிக்கல் தீர்ந்த பிறகு அடுத்த சிக்கல் தலைகாட்டுகிறது.

குறுவைக்கு ஜூன் 12-இல் அணையைத் திறப்பது வழக்கம் என்று கட்டுரை சொல்லிவருகிறது. “அதற்கு அணையில் குறைந்தது” என்றதும் பக்க எண் 38, இதழின் பெயர், மாதம் எல்லாம் வரிசையாக வந்தன. அடுத்து, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்று தொடங்கும் பெட்டிச் செய்தி ஒன்றுவிடாமல் ஒலித்தது. அதன் பிறகுதான் “90 அடி நீர் இருக்க வேண்டும்” வந்தது. அணை கட்டி முடிந்த ஆண்டு 1934. அதன் தலையில் பொடி எழுத்தில் அடிக்குறிப்பு எண் 2. என் காதில் விழுந்ததோ பத்தொன்பதாயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு!

கண்ணால் படிப்பவருக்குப் பெட்டியின் கோடும் நிறமுமே ‘இது தனி’ என்று காட்டிவிடும். காதால் படிப்பவருக்கு அதைச் சொல்ல டேக், அதாவது ‘இது தலைப்பு, இது பெட்டி’ என்று கோப்புக்குள் இடும் குறி, வேண்டும். பக்க எண்ணையும் அலங்காரக் கோட்டையும் ‘ஆர்ட்டிஃபேக்ட்’ என்று குறித்தால் திரைவாசிப்பான் அவற்றைத் தாண்டிப் போகும். அடிக்குறிப்பு எண்ணைக் கையால் தட்டிச் சிறிதாக்காமல், மென்பொருளின் அடிக்குறிப்பு வசதியிலேயே சேர்த்தால் எண்ணும் குறிப்பும் பிணைந்துவிடும். பெட்டியை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் பக்கத்தில் மிதக்கவிடாமல், எந்தப் பத்தி முடிந்ததும் வர வேண்டுமோ அங்கே ஆங்கர் செய்து பிணைத்துவிடலாம். பிடிஎஃப் வடிவின் 2.0 பதிப்பில் பெட்டிச் செய்திக்கென்றே ‘அசைடு’ என்ற டேக் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் அணுகத்தக்க பிடிஎஃப்புக்கான பிடிஎஃப்/யூஏ தரம் 2012-இலேயே வந்தாயிற்று.

இவ்வளவு எதற்கு, பார்வையற்றோருக்கான பிரதியில் பெட்டியையும் குறிப்பையும் எடுத்துவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அது மட்டும் வேண்டாம். துணுக்குக்காகவே பத்திரிகை வாங்கும் ரகம் நான். பார்வையற்றோருக்கென உருவான டெய்சி வடிவ ஒலிநூல்களில் பக்க எண், அடிக்குறிப்பு, பெட்டி ஆகியவற்றை வேண்டாதபோது அணைத்துவைக்கவும் வேண்டும்போது திறக்கவும் வழி உண்டு. பேருந்தில் போகும்போது கட்டுரை மட்டும் போதும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குக் குறிப்பு ஒவ்வொன்றும் வேண்டும். எதைத் தாண்டுவது என்பதை வாசகரே முடிவுசெய்யட்டும், வடிவமைப்பாளர் அல்ல.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 2017 விதிகள், இணையத்தில் இடும் ஆவணம் இபப் என்ற மின்னூல் வடிவிலோ, எழுத்தை இயந்திரம் அடையாளம் காணும் ஓசிஆர் முறையிலான பிடிஎஃப் ஆகவோ இருக்க வேண்டும் என்றன. ‘எழுத்தை இயந்திரம் படித்தால் சரி’ என்ற நினைப்பு அதிலிருந்தே பலருக்கு வந்ததோ என்னவோ. அணுகல் தரங்களைக் கட்டாயமாக்காமல் பரிந்துரையாக விட்டதால், அந்த விதிகளில் 15(1)-ஆம் விதி, மூலச் சட்டத்துக்கே முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது.

தீபாவளி மலர் வேலை தொடங்கியிருப்பீர்கள். பக்கத்துக்கு இரண்டு பெட்டி நிச்சயம். லே-அவுட் முடிந்த ஒரு கட்டுரையை மட்டும் முன்கூட்டியே அனுப்பினால், கேட்டுப் பார்த்து எங்கே இடறுகிறது என்று எழுதுகிறேன். என்விடிஏ இலவசம்தான், உங்கள் வடிவமைப்பாளரும் நிறுவிக்கொண்டு, திரையை அணைத்துவிட்டு ஒரு பக்கம் கேட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
பார்வையற்ற வாசகர் ஒருவர்,
மன்னார்குடி.