யார்டு கணக்கு மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எந்த அணி அதிக யார்டு (தாக்குதலில் பந்தோடு முன்னேறிய தூரம்) எடுத்தது என்ற பட்டியலை மட்டும் வைத்து அணிகளை எடைபோடுவதை முதலில் நிறுத்த வேண்டும். 2023-ல் அயோவா அணியைப் பாருங்கள். மொத்த யார்டு கணக்கில் முதல் பிரிவின் மேல்மட்டமான எஃப்பிஎஸ்ஸின் 133 அணிகளில் கடைசி இடம், ஆனாலும் 10 வெற்றி! அந்த அணியின் டோரி டெய்லர் நெடுந்தூரம் பன்ட் (பந்தைக் கையிலிருந்து விட்டு உதைத்து எதிரணிக்குக் கொடுப்பது) உதைத்து எதிரணியை அதன் எல்லைக்குப் பக்கத்திலேயே முடக்கிப்போட, மிச்சத்தைத் தடுப்பாட்டக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். நார்த்வெஸ்டர்னை 10-7 என்று ஜெயித்ததெல்லாம் அப்படித்தான். அதே சீசனில் யூஎஸ்சி (தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக அணி), கேலப் வில்லியம்ஸ் போன்ற குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்) இருந்தும், வாஷிங்டனிடம் 42 புள்ளி எடுத்துத் தோற்றது.

சரி, அதற்காகத் தாக்குதலே வேண்டாம் என்று சொல்லவில்லை. மிச்சிகனிடம் 0-26, அப்புறம் டென்னசியிடம் 0-35 என்று அயோவா அடங்கிப்போனதையும் பார்த்தோமே, பலமான அணி எதிரே நின்றால் வெறும் தடுப்பு எவ்வளவு நேரம் தாங்கும்? ஆகவே உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் யார்டோடு சேர்த்து, ஒவ்வொரு முறையும் பந்தை எங்கிருந்து தொடங்கினார்கள், எத்தனை தடவை பறிகொடுத்தார்கள் என்பதையும் தயவுசெய்து போடுங்கள்.

– ஒரு வாசகர்