கொல்லைச் சேற்றுக்கு மண் அடிக்க வேண்டாம்

பரங்கிப்பேட்டை

அன்புள்ள தம்பி கதிருக்கு,

பணம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

மழைக்காலத்தில் தண்ணீர் ஏறாமலிருக்கக் கொல்லைக்குப் பின்னால் மண் அடித்து மதில் எழுப்பலாம் என்று எழுதியிருந்தாய். எனக்கு மனம் வரவில்லை, தம்பி. நம் நிலம் வேலியோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் இருப்பது வெள்ளாற்றில் கடல் ஓதம் ஏறி இறங்கும் சேறு. அதை நிரப்பக் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் இடம் தருவதில்லை. ஆனால் விதிக்குப் பயந்து நான் மறுக்கவில்லை.

சிறு வயதில் அந்த வேலியோரம் குந்தியிருந்து நண்டுகளுக்குக் கையாட்டுவாய். "அதுவும் எனக்கு ஆட்டுகிறது அப்பா" என்று ஓடிவருவாய். அது பெண் நண்டைத் தன் வளைக்கு அழைக்கிறது என்று அன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதுதான் பிடில் நண்டு. நெடுங்காலம் அதன் அறிவியல் பெயரை யூகா அனுலிபெஸ் என்று எழுதிவந்தார்கள். 2016-க்குப் பிறகு ஆஸ்ட்ருகா என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். ஓடு இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். ஆணின் பெரிய கொடுக்கோ உடல் எடையில் ஏறக்குறையப் பாதி வரை இருக்கும். அதை வீசலாம், சண்டை போடலாம், தின்ன உதவாது. பெண் இரு கையாலும் சேற்றை அள்ளித் தின்னும்போது, ஆண் ஒற்றைச் சிறு கொடுக்கால் அள்ளி அள்ளி, பாசியை வாயில் வடித்துக்கொண்டு, மிச்சத்தை உருண்டையாக்கிப் போட்டபடி நகர்கிறது. மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன், அலுத்ததே இல்லை.

ஓதம் ஏறுமுன் வளையின் வாயைச் சேற்றால் அடைத்துக்கொண்டு உள்ளே காத்திருக்கும். அதன்மேல் லாரி மண் கொட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். ஓதம் தொடாத மண்ணில் அதற்கு இரையும் இல்லை, ஈரமும் இல்லை.

அந்தச் சேற்றை ஒரு சாண் தோண்டினாலே கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கும். அந்த ஆழத்துக்குக் காற்றும் ஓதநீரும் இறங்குவது பெரும்பாலும் இந்த வளைகள் வழியாகத்தான். வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் வேர்களுக்கு அது பெரிய உதவி. 2004 சுனாமியில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் எப்படித் தப்பின என்பது உனக்கும் தெரியும். அந்தக் காடும் இப்படி நண்டு குடைந்த சேற்றில்தான் நிற்கிறது.

மதிலை வேலிக்கு உள்ளே, கிணற்றடியை ஒட்டிக் கட்டக் கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். நீ அனுப்பியதே அதற்குப் போதும்.

மே மாதம் குழந்தையோடு வரும்போது அமாவாசையை ஒட்டி டிக்கெட் எடு. அப்போது ஓதம் நன்றாக வற்றும். அவளை வேலியோரம் உட்காரவைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா