கொலுசில் படியும் கறுப்பு அழுக்கல்ல

ஆசிரியருக்கு,

வாங்கி ஆறு மாதத்தில் கொலுசு கறுத்துவிட்டால் கலப்பட வெள்ளி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் நம்மூரில் அதிகம். தூய வெள்ளியும் கறுக்கும். அந்தக் கறுப்பு வெள்ளிச் சல்பைட்டு, அதாவது வெள்ளியும் கந்தகமும் கூடிய சேர்வை. சுரங்கங்களில் அக்கந்தைட்டு என்ற பெயரில் வெட்டியெடுக்கும் வெள்ளித் தாதும் இதே சேர்வைதான். அதன் எடையில் 87 சதவீதம் வெள்ளி.

மெக்சிகோவின் குவானகுவாட்டோ, ஜேர்மனியின் பிரைபேர்க் ஆகிய இடங்களில், பாறை வெடிப்புகளுக்குள் ஏறிய வெந்நீர்க் கரைசல்களிலிருந்து அது படிந்தது. கறுஞ்சாம்பல் நிறம், தண்ணீரைப் போல ஏழு மடங்குக்கு மேல் கனம். கத்தியால் சீவினால் ஈயம்போலச் சுருண்டு வரும். பார்வைக்கு அதை ஒத்த கலீனா என்ற ஈயத் தாதோ சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து தூளாகும். நம் பக்கத்துக் கல்மலைகளில் மினுங்குவது வெள்ளித் தாதல்ல, பெரும்பாலும் மைக்கா என்ற கனிமம். நகம் பட்டால் ஏடு ஏடாக உரியும்.

கொலுசுக்கு இந்தத் தாது எங்கிருந்து வருகிறது? வாவிக்கரைச் சேற்றைக் கிளறினால் கூழ்முட்டை நாற்றம் வருகிறதே, கந்தகம் கொண்ட அந்த ஐதரசன் சல்பைட்டு வாயு காற்றில் மிகச் சிறிதளவு இருந்தாலே போதும். முட்டை, வெங்காயம், வியர்வை எல்லாம் துணைபோகும்.

ஆகவே திருநீற்றாலோ பற்பசையாலோ தேய்க்கும்போது போவது அழுக்கல்ல, வெள்ளி. முலாம் பூசிய விளக்கென்றால் சில வருடங்களில் அடியிலுள்ள செம்பு பல்லிளிக்கும்.

வெள்ளியை வெள்ளியாகவே மீட்கலாம். கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, ஒரு லீற்றர் கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவும் ஒரு தேக்கரண்டி உப்பும் கரைத்து ஊற்றுங்கள். கொலுசு தாளைத் தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டும்; பலருக்குப் பலிக்காமல் போவது இதில் தவறுவதால்தான். கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்கொள்ள, ஐந்து பத்து நிமிடத்தில் வெள்ளி திரும்பும். லேசாகக் கூழ்முட்டை மணக்கும், சன்னலைத் திறந்து வையுங்கள். தண்ணீர் ஆறிவிட்டாலோ தாள் மங்கிவிட்டாலோ வேலை மந்தமாகும்; இரண்டையும் மாற்றுங்கள்.

முத்தும் பசையால் ஒட்டிய கல்லும் உள்ள நகைகளை இதில் போடாதீர்கள். வேலைப்பாடு எடுப்பாகத் தெரிவதற்காகத் தட்டார் வேண்டுமென்றே கறுக்கவைத்த நகைகளையும் போடக் கூடாது. அந்தக் கறுப்பும் சேர்ந்தே போய்விடும்.

கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி, காற்றுப் புகாத பொலித்தீன் பையில் வையுங்கள். இறப்பர் பட்டியால் மட்டும் கட்ட வேண்டாம். அதிலுள்ள கந்தகமே மறுபடி கறுக்கவைக்கும்.

இரசாயனவியல் ஆசிரியர்கள்,
கல்லடி, மட்டக்களப்பு